பெயருக்குள் ஒளிந்த கட்டளை: எக்ஸ்ஆர்டிபி ஓட்டை, ஏப்ரல் 2011

பழைய மடிக்கணினி ஒருநாள் மூச்சை நிறுத்திக்கொண்டது. அதிலிருந்த முகப்பு அடைவை, என் கோப்புகள் எல்லாம் இருக்கும் இடத்தை, அப்படியே தூக்கிப் புதியதில் போட்டேன். பழையதில் டெபியன், புதியதில் வேறொரு லினக்ஸ். லாகின் செய்து டெர்மினலைத் திறந்தால் வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, அதுவும் எறும்பு அளவில். பல வருஷமாகக் கண் பழகிய கருநீலப் பின்னணியைக் காணோம். அமைப்புக் கோப்பு இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது, படிக்க அனுமதியும் இருந்தது. திரையில் பிழைச் செய்தி என்று எதுவும் இல்லை.

ஒரே ஒரு அமைப்பு மட்டும் உயிரோடு இருந்தது: டெர்மினல் 10000 வரிகளைப் பின்னோக்கி நினைவில் வைத்திருக்க வேண்டும் என்ற வரி. ஆக, கோப்பை யாரோ படித்திருக்கிறார்கள், ஆனால் முழுதாகப் படிக்கவில்லை. இந்தக் கோப்பைப் படித்து ஏற்றுவது எக்ஸ்ஆர்டிபி என்ற நிரல். ஏற்றப்பட்டதைக் காட்டச் சொல்லி அதை '-க்வெரி' என்று ஓட்டினேன். பின்னணி நிறம் என்ற இடத்தில் நிறத்தின் எண் இல்லை. 'எஸ்_பேஸ்03' என்று, அந்த நிறத்துக்கு நான் கோப்பின் தலையில் '#டிஃபைன்' போட்டு வைத்திருந்த பெயரே அப்படியே நின்றது. எழுத்துருவைத் தனிக் கோப்பில் வைத்து '#இன்க்ளூட்' மூலம் இழுத்திருந்தேன், அதுவும் போயிருந்தது. லாகின் பதிவைத் திறந்தால், இந்தச் சொல்லை நிறமாக மாற்ற முடியவில்லை என்று டெர்மினல் தனியாகப் புலம்பியிருந்தது.

காரணம் லாகின் ஸ்கிரிப்ட்டில் ஒரே சொல். டெபியனில் எக்ஸ் அமர்வு (எக்ஸ் என்பது திரையில் சாளரங்களைக் காட்டும் முறை) தொடங்கும்போது ஓடும் ஸ்கிரிப்டுகளில் ஒன்று, பயனரின் 'எக்ஸ்ரிசோர்சஸ்' கோப்பை வெறும் '-மெர்ஜ்' என்று எக்ஸ்ஆர்டிபியிடம் கொடுக்கிறது. ரெட் ஹேட் வழி வந்த லினக்ஸ் விநியோகங்களின் ஸ்கிரிப்டில் கூடவே '-நோசிபிபி' என்று இருக்கும். என் புதிய கணினியிலும் அதே சொல். சிபிபி என்பது சி மொழியின் முன்செயலி. முதல் வழியில் கோப்பு முன்செயலிக்குள் புகுந்து, பெயர்கள் எல்லாம் மதிப்புகளாக மாறி வெளியே வரும். இரண்டாம் வழியில் எக்ஸ்ஆர்டிபி நேரடியாகப் படிக்கும். '#' என்று தொடங்கும் வரிகளைச் சத்தம் போடாமல் தாண்டிவிடும்.

சரி, அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று எடுத்தேன். இப்போது எதுவுமே வரவில்லை, அந்த 10000 வரியும் சேர்த்துப் போச்சு. அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு புரிந்தது. துப்பறியும்போது, எந்த அடைவைப் பார்க்க வேண்டும் என்று கோப்பின் உச்சியில் எனக்கு நானே ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். ஆச்சரியக்குறியில் தொடங்கினால் எக்ஸ்ஆர்டிபிக்கு அது குறிப்பு வரி. ஆனால் அந்த வரி எக்ஸ்ஆர்டிபியிடம் வருவதற்கு முன்பே சிபிபி அதைப் பார்த்துவிடுகிறது, அதற்கு ஆச்சரியக்குறி ஒரு பொருட்டே இல்லை. அடைவின் பாதையை எல்லாக் கோப்புகளும் என்ற பொருளில் '/*' என்று முடித்திருந்தேன். சி மொழியில் அது குறிப்புரையின் தொடக்கம். மூடும் குறி எங்கும் இல்லாததால் கோப்பின் கடைசி வரை மொத்தமும் குறிப்புரையாகிவிட்டது.

நிறத்தையும் எழுத்துருவையும் சொல்லும் ஒரு கோப்பைப் படிக்க எதற்கு சி மொழியின் கருவி? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் 2011 ஏப்ரல் 5-ல் வெளியான ஒரு பாதுகாப்பு அறிவிப்பில் போய் நிற்கும். அதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எக்ஸ் சாளர முறை 1984-ல் எம்ஐடியில் பிறந்தது. இன்று நாம் பயன்படுத்தும் பதினோராம் பதிப்பு 1987 செப்டம்பரில் வந்தது. நிரல் ஓர் இயந்திரத்தில் ஓடும், அதன் சாளரம் இன்னொரு இயந்திரத்தின் திரையில் தெரியும் என்பதுதான் அதன் அடிப்படை. இதில் அமைப்புக் கோப்புக்கு ஒரு சிக்கல். நிரல் தன் அமைப்பைத் தான் ஓடும் இயந்திரத்தின் முகப்பு அடைவில்தான் தேடும். ஐந்து இயந்திரங்களில் வேலை செய்கிறவர் ஐந்து பிரதி வைத்திருக்க வேண்டும். எக்ஸ்ஆர்டிபி இதைத் தீர்த்தது. கோப்பை ஒருமுறை படித்து, திரைக்குப் பொறுப்பான எக்ஸ் சர்வரிடமே, அதன் அடிச்சாளரத்தில் ஒரு பண்பாக ஒட்டிவிடும். எங்கிருந்து வரும் நிரலும் அங்கே பார்த்துக்கொள்ளலாம். ஜிம் கெட்டிஸ் எழுதிய மூலத்தை பாப் ஷைஃப்லரும் ஃபில் கார்ல்டனும் திருத்தி எழுதியதாக அதன் கையேட்டில் இருக்கிறது.

இப்போது சிக்கல் தலைகீழானது. கோப்பு ஒன்று, திரைகள் பல. ஒன்று கறுப்பு வெள்ளை, ஒன்று வண்ணம், ஒன்று சின்னது. ஒரே கோப்பு திரைக்குத் தக்கபடி மாற வேண்டும். அன்றைய யூனிக்ஸ் இயந்திரங்களில் எல்லாம் சி நிரல்மொழிமாற்றி இருந்தது, அதனுடன் முன்செயலியும் சும்மா கிடைத்தது. வண்ணத் திரை என்றால் இது, இல்லாவிட்டால் அது என்று எழுத அதில் வசதி தயாராக இருந்தது. திரையின் அகலம், உயரம், வண்ண ஆழம், சர்வர் ஓடும் கணினியின் பெயர், நிரல் ஓடும் கணினியின் பெயர் எல்லாவற்றையும் எக்ஸ்ஆர்டிபி தானே கண்டுபிடித்து, '-டி' என்ற விருப்பத்தால் சிபிபிக்கு மேக்ரோக்களாக, அதாவது மதிப்புக்குப் பதில் நிற்கும் பெயர்களாகக் கொடுத்தது. இதில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. அன்றைக்கு நான் இருந்தாலும் இதையேதான் செய்திருப்பேன்.

எக்ஸ்டிஎம் என்ற பழைய லாகின் நிரல்கூட தன் லாகின் திரையின் எழுத்துரு அளவை இப்படித்தான் தேர்ந்தது, திரை அகலம் 800 புள்ளிக்கு மேலா கீழா என்று கேட்டு. அந்தக் கோப்பின் மூலவடிவம், நிரலைக் கட்டும்போது ஒருமுறை சிபிபி வழியாகப் போகும், பிறகு ஓடும்போது இன்னொருமுறை போகும். முதல் சுற்றிலேயே '#' வரிகள் விழுங்கப்பட்டுவிடக் கூடாதே என்று, அந்த இடங்களில் 'எக்ஸ்ஹேஷ்' என்ற சொல்லைப் போட்டு, பிறகு அதை '#' ஆக மாற்றினார்கள். ஒரு கருவியை அது செய்ய வந்திராத வேலைக்கு வைத்தால் இப்படி ஒட்டுப்போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஓட்டை எங்கே இருந்தது என்பதற்கு வருவோம். எக்ஸ்ஆர்டிபி சிபிபியை அழைக்கும் விதம் இது: முன்செயலியின் பாதை, அப்புறம் வரிசையாக '-டி' மேக்ரோக்கள், கடைசியில் கோப்பின் பெயர் என எல்லாவற்றையும் ஒரே நீளமான சரமாகக் கோர்க்கும். அந்தச் சரத்தை 'பிஓபன்' என்ற செயற்கூறிடம் கொடுக்கும். பிஓபன் அதை நேராக சிபிபியிடம் கொடுக்காது, கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல்லிடம் கொடுக்கும். ஷெல்லுக்கு எழுத்துகள் வெறும் எழுத்துகள் அல்ல. டாலர் குறியும் அடைப்பும் சேர்ந்து வந்தால், அல்லது இரண்டு பேக்டிக் (`) குறிகளுக்கு நடுவே ஏதாவது வந்தால், முதலில் அதைக் கட்டளையாக ஓட்டி, வந்த விடையை அந்த இடத்தில் வைக்கும்.

கோர்க்கப்படும் சரத்தில் கணினியின் பெயரும் இருக்கிறது அல்லவா? அந்தப் பெயரை இரண்டு விதமாக எக்ஸ்ஆர்டிபி அனுப்பும். ஒன்று, மேக்ரோவின் மதிப்பாக. மற்றொன்று, மேக்ரோவின் பெயரின் ஒரு பகுதியாக, குறிப்பிட்ட கணினிக்கு மட்டும் ஓர் அமைப்பு வேண்டும் என்கிறவர்களின் வசதிக்காக. பெயரில் புள்ளியோ கோடோ இருந்தால் சி மொழியில் மேக்ரோ பெயராகச் செல்லாது. அதனால் எழுத்தும் எண்ணும் தவிர எல்லாவற்றையும் அடிக்கோடாக மாற்றியே இரண்டாம் விதத்தை அனுப்பினார்கள். கையேட்டில் இதற்கு உதாரணமே இருக்கிறது. முதல் விதத்தில் இந்தச் சுத்தம் கிடையாது, ஏனென்றால் மதிப்பில் என்ன இருந்தாலும் சிபிபிக்குக் கவலையில்லை. ஆக, ஒரே பெயர் ஒரே கட்டளை வரியில் ஓரிடத்தில் கழுவித் துடைத்தும், பக்கத்திலேயே கழுவாமலும் போனது. எழுதியவர்கள் சிபிபிக்கு எது ஒத்துவரும் என்று யோசித்தார்கள். நடுவில் ஷெல் உட்கார்ந்திருப்பது அவர்கள் கணக்கில் வரவில்லை. இந்த நிகழ்வில் என்னை மிகவும் நிறுத்திய இடம் இதுதான்.

ஆனால் 1980-களின் கடைசியில் இது ஓட்டையா? பெரிதாக இல்லை. கணினியின் பெயரை நிர்வாகி கையால் எழுதிவைப்பார், அவர்தான் ஏற்கெனவே ரூட், எல்லா அதிகாரமும் உள்ள பயனர். தன் இயந்திரத்தைத் தானே ஏமாற்ற அவருக்கு அவசியமில்லை. 1993 அக்டோபரில் டிஎச்சிபி நெறிமுறையின் முதல் வரையறை வந்தது. வலையில் இணையும் கணினிக்கு முகவரியை வலையே கொடுக்கும், விரும்பினால் பன்னிரண்டாம் எண் விருப்பத்தில் பெயரையும் கொடுக்கும். அமைப்பைப் பொறுத்து, கணினி அந்தப் பெயரைத் தன் பெயராகவே வைத்துக்கொள்ளும். எக்ஸ்ஆர்டிபியில் ஒரு வரிகூட மாறவில்லை. ஆனால் வீட்டுக்காரர் வைத்த பெயர் இப்போது தெருவிலிருந்து வரத் தொடங்கிவிட்டது.

கணினிப் பெயரில் எழுத்து, எண், இடைக்கோடு, புள்ளி ஆகியவைதான் இருக்கலாம் என்று 1985-ல் வந்த ஆர்எஃப்சி 952 என்ற இணைய விதிமுறை ஆவணம் சொல்கிறது. ஆனால் லினக்ஸ் கெர்னல் அதைச் சோதிப்பதில்லை. 64 எழுத்துகளுக்குள் இருந்தால் எதையும் பெயராக ஏற்றுக்கொள்ளும். ஒரு கட்டளை எழுத 64 தாராளம்.

காட்சி இப்படி ஓடும். பொது இடத்து வலையில் ஒருவர் தன் மடிக்கணினியை டிஎச்சிபி சர்வராக நடிக்க வைக்கிறார். நீங்கள் இணைகிறீர்கள். முகவரியோடு, பேக்டிக் குறிகளுக்குள் கட்டளை வைத்த ஒரு பெயரும் வருகிறது, உங்கள் கணினி அதைச் சூடிக்கொள்கிறது. அமர்வை முடித்து வெளியே வருகிறீர்கள். லாகின் நிரல் புதிய லாகின் திரையைத் தயார் செய்ய எக்ஸ்ஆர்டிபியை அழைக்கிறது. லாகின் நிரல் ஓடுவது ரூட்டாக. எக்ஸ்ஆர்டிபி சரத்தைக் கோர்க்கிறது, ஷெல் பெயருக்குள் இருக்கும் கட்டளையை ரூட் அதிகாரத்தில் ஓட்டுகிறது. கடவுச்சொல் கேட்கும் பெட்டி திரையில் வருவதற்கு முன்பே வேலை முடிந்துவிட்டது.

சூசே என்ற லினக்ஸ் நிறுவனத்தின் பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்த செபாஸ்டியன் கிராமர் இதைக் கண்டுபிடித்தார். பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரப்படும் சிவிஇ பட்டியலில் சிவிஇ-2011-0465 என்ற எண் கிடைத்தது. எக்ஸ்ஆர்டிபி 1.0.8 வரை எல்லாப் பதிப்பும் பாதிக்கப்பட்டவை, 1.0.9-ல் சரிசெய்யப்பட்டது. அன்றைய எக்ஸ்11ஆர்7.6 தொகுப்போடு போயிருந்தது 1.0.7. எக்ஸைப் பராமரிக்கும் எக்ஸ்.ஆர்க்கின் அறிவிப்பு இரண்டு வாசல்களைச் சொன்னது: டிஎச்சிபியிலிருந்து பெயர் வாங்கும் கணினிகள், எக்ஸ்டிஎம்சிபி வழியாகத் தொலைவிலிருந்து லாகின் அனுமதிக்கும் கணினிகள். அதே ஏப்ரல் 5-ல் ஐஎஸ்சி என்ற அமைப்பின் டிஎச்கிளையன்ட் நிரலுக்கும் (கணினியின் பக்கம் நின்று டிஎச்சிபி முகவரியை வாங்குவது இது) ஒரு திருத்தம் வந்தது, சிவிஇ-2011-0997. சர்வர் அனுப்பும் பெயரில் ஷெல் குறிகள் இருக்கிறதா என்று அது பார்க்காமல், தன் உதவி ஸ்கிரிப்டிடம் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதிலும் கிராமரின் பெயர் உண்டு. டிஎச்கிளையன்டை மட்டும் அடைத்திருந்தால் போதாதா என்று கேட்கலாம். எக்ஸ்டிஎம்சிபி வாசல் திறந்தே இருந்திருக்கும். வேறு டிஎச்சிபி நிரல்கள் வைத்திருந்தவர்களுக்கும் பயன் இருந்திருக்காது.

திருத்தத்தைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மதிப்பை ஷெல்லுக்கு அனுப்பும் முன் அதில் ஷெல்லுக்குப் பொருள் தரும் குறிகளை முடக்குகிறார்கள், அவ்வளவுதான். நடுவில் இருக்கும் ஷெல்லை எடுக்கவில்லை. அவசரத்தில் செய்யும் திருத்தம் சின்னதாக இருப்பது நல்லது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். '-டி' விருப்பங்களைச் சரியாகத் தாங்காத சில முன்செயலிகளுக்காக எக்ஸ்ஆர்டிபியில் வேறொரு பாதை முன்பிருந்தே உண்டு. மேக்ரோக்களைக் கட்டளை வரியில் வைக்காமல், '#டிஃபைன்' வரிகளாக உள்ளீட்டிலேயே எழுதிக் கொடுக்கும் பாதை. மூலநிரலில் அதற்கு வைத்த பெயரின் பொருள், பரிதாபமான சிபிபி. மேக்ரோ மதிப்புகள் கட்டளை வரிக்கே வராத அந்தப் பரிதாபப் பாதையில் இந்தத் தொல்லை இல்லை. பரிதாபம் இல்லாத, ஒழுங்கான சிபிபி வைத்திருந்தவர்களுக்குத்தான் திருத்தம் தேவைப்பட்டது.

'-நோசிபிபி' போட்டு அழைத்த ஸ்கிரிப்டுகளுக்கு என்ன ஆனது? அந்த அழைப்புகளில் முன்செயலி இல்லை, அதனால் பிஓபனும் இல்லை, ஷெல்லும் இல்லை. பெயரில் எதை வைத்தாலும் அது வெறும் பெயர். என் கருநீலப் பின்னணியைப் பறித்த அதே சொல். ஒரே கோப்பு இரண்டு விநியோகங்களில் இரண்டு விதமாக நடந்துகொள்வது பயனருக்கு எரிச்சல்தான், நானே அனுபவித்திருக்கிறேன். இருந்தாலும் லாகின் நேரத்தில் எது ஓட வேண்டும் என்று என்னைக் கேட்டால் இப்போது '-நோசிபிபி' பக்கம்தான் கை தூக்குவேன். அன்றைய யூனிக்ஸில் கண்டிப்பாக இருந்த முன்செயலி இன்றைய மேசைக் கணினிகளில் பலவற்றில் கிடையாது, நிரல்மொழிமாற்றி நிறுவாதவர்கள்தான் அதிகம். சிபிபி இல்லாத இடத்தில் முதல் வழி எதையும் ஏற்றாது.

எட்டு வருஷம் கழித்து இதே வியாதி கேடிஇ மேசைச்சூழலில் வந்தது. அங்கே அமைப்புக் கோப்புகளைப் படிக்கும் நூலகத்தின் பெயர் கேகான்ஃபிக். சிபிபி எல்லாம் கிடையாது, சதுர அடைப்புக்குள் தலைப்பு, கீழே 'பெயர்=மதிப்பு' என்ற எளிய வடிவம். ஆனால் பெயருக்குப் பக்கத்தில் '[$இ]' என்று போட்டால், மதிப்பில் உள்ள சூழல் மாறிகளை விரித்துப் படிக்கும். நூறு பேருக்கு ஒரே அமைப்பைக் கொடுக்கும் நிர்வாகிக்கு, ஒவ்வொருவரின் பயனர் பெயரும் தானே நிரம்பிக்கொள்வது நல்ல வசதிதான். அதோடு நிற்காமல், டாலரும் அடைப்பும் போட்டால் உள்ளே இருக்கும் ஷெல் கட்டளையையும் ஓட்டியது.

சிக்கல், கேகான்ஃபிக் படிப்பது பயனரின் சொந்தக் கோப்புகளை மட்டும் அல்ல. மெனு ஐகான்களுக்கான 'டெஸ்க்டாப்' கோப்புகள், ஓர் அடைவுக்கு எந்தப் படம் என்று சொல்லும் 'டைரக்டரி' கோப்பு, இவற்றையும் அதே நூலகம்தான் படித்தது. இந்த இரண்டும் இணையத்திலிருந்து இறக்கிய ஒரு தொகுப்புக்குள் ஒளிந்து வரலாம். ஐகான் என்ற வரியில் கட்டளையை வைத்துவிட்டால், அந்த அடைவை கேடிஇ-யின் கோப்பு உலாவியான டால்ஃபினில் திறந்ததும், எந்தப் படத்தைக் காட்டலாம் என்று பார்க்கப் போகும் கேகான்ஃபிக் கட்டளையை ஓட்டிவிடும். எதையும் சொடுக்க வேண்டியதில்லை, பார்த்தாலே போதும். 2019 ஆகஸ்டில் ஓர் ஆய்வாளர் கேடிஇ-க்கு முன்கூட்டிச் சொல்லாமல் இதைப் பொதுவில் போட்டுவிட்டார். சிவிஇ-2019-14744.

கேடிஇ செய்த திருத்தம் எனக்குப் பிடித்தது. குறிகளை முடக்குவது, வடிகட்டுவது என்றெல்லாம் போகவில்லை. அமைப்புக் கோப்பில் ஷெல் கட்டளை எழுதும் வசதியையே கேடிஇ ஃப்ரேம்வொர்க்ஸ் 5.61-ல் வேரோடு பிடுங்கினார்கள். உண்மையில் அதைப் பயன்படுத்துகிறவர் என்று யாரையும் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். சூழல் மாறி விரிப்பு மட்டும் தங்கியது. எக்ஸ்ஆர்டிபியில் இதைச் செய்ய முடியாது. முன்செயலியைப் பிடுங்கினால் என்னைப் போன்ற ஆயிரம் பேரின் நிறம் போய்விடும்.

என் கணினியில் இப்போது ஒரு சின்ன ஏற்பாடு. லாகின் ஸ்கிரிப்ட் '-நோசிபிபி' என்றே இருக்கிறது. மேக்ரோக்கள் உள்ள என் கோப்பைத் தொடும்போதெல்லாம் நானே கையால் ஒருமுறை சிபிபியை '-பி' என்று ஓட்டுவேன். விரிந்த, தட்டையான வெளியீட்டை எக்ஸ்ரிசோர்சஸ் என்ற பெயரில் வைத்துவிடுவேன். லாகினில் ஏறுவது அதுதான்.

முதல்முறை ஓட்டி வெளியீட்டை வரிவரியாகப் பார்த்தபோது ஓரிடத்தில் இடித்தது. கணினியின் சுமையை வரைபடமாகக் காட்டும் எக்ஸ்லோட் நிரலுக்கு ஒரு லேபிள் அமைப்பு. இந்தக் கோப்பின் பாதி நான் எழுதியதல்ல, வருஷங்களுக்கு முன் ஒரு நண்பரிடமிருந்து வாங்கியது. மூலத்தில் லேபிள் 'லினக்ஸ்' என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் இருந்தது, வெளியீட்டில் '1' என்று இருந்தது. ஜிஎன்யு சிபிபியில், லினக்ஸ் இயந்திரம் என்றால் அந்தச் சொல்லே முன்கூட்டி வரையறுத்த ஒரு மேக்ரோ, மதிப்பு 1. '-யு' போட்டு அதை நீக்கினேன். பழைய மடிக்கணினியின் மூலையில் அந்த வரைபடத்துக்கு மேலே இத்தனை வருஷம் இருந்த '1', சுமையின் அளவுகோல் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.